ஓசிடிக்கு மாத்திரை தொடங்குகிறீர்களா? 12 வாரக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கு முதல் தடவையாக மருந்துச்சீட்டு வாங்கி வருகிறவர்களில் பலர், இரண்டாவது வாரத்திலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ‘ஒண்ணும் கேக்கலை’ என்பது ஒரு காரணம். ‘வயித்தைப் பெரட்டுது’ என்பது இன்னொன்று. இரண்டுமே பொய்யில்லை. இரண்டாவது வாரத்தில் இந்த மருந்துகள் அப்படித்தான் இருக்கும். அதை முன்கூட்டியே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

நான் காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன், மருத்துவன் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவெடுப்பது மனநல மருத்துவரின் வேலை. சீட்டு கைக்கு வருவதற்கு முன்னும் பின்னும் நீங்கள் செய்ய வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது ஓசிடிதானா?

நம் பக்கத்து வீடுகளில் சுத்தம் பார்ப்பதும், பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பதும் பிறந்ததிலிருந்து பழகியவை. முகப்பில் தொடங்கிப் பின்கட்டு வரை அத்தனை கதவு இருக்கிற வீட்டில் வெளியூர் கிளம்பும்போது ஒரு சுற்று வந்து பார்ப்பவருக்கு நோய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சுற்று முடிந்த பிறகும் மனது ஒப்பாமல் மறுபடி முதல் கதவிலிருந்து ஆரம்பித்து, பஸ்ஸைத் தவறவிட்டு, ‘இது தேவையில்லை என்று எனக்கே தெரிகிறது, ஆனால் விட முடியவில்லை’ என்று அழுகிற நிலை வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்கிற செயலும் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கின்றனவா, படிப்பும் வேலையும் கெடுகின்றனவா என்பதை மருத்துவர்கள் முக்கியமாகக் கேட்பார்கள்.

கை கழுவுவதும் பூட்டு பார்ப்பதும் வெளியே தெரிந்துவிடும். தெரியாத வகைதான் அதிகம் வதைக்கும். பிள்ளையார்பட்டி சன்னதியில் கை கூப்பி நிற்கும்போது சாமியைப் பற்றிக் கெட்ட வார்த்தை மனதில் ஓடும். பெற்ற பிள்ளையைக் கத்தியால் குத்திவிடுவோமோ என்ற பயத்தில் தாய் அரிவாள்மனைப் பக்கம் போகாமல் இருப்பாள். தகாத பாலியல் காட்சிகள் மனதில் வந்து போகும். இவையும் ஓசிடிதான். அந்த எண்ணங்கள் வருவதாலேயே நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. வேண்டாம் என்று துடிக்கிறீர்களே, அதுவே அவை உங்கள் விருப்பம் இல்லை என்பதற்கு அடையாளம். மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். மனநல மருத்துவர்கள் இதையெல்லாம் தினமும் கேட்கிறவர்கள்.

எங்கே போவது

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராயவரம், பொன்னமராவதி பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கு வருவார்கள். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். யாரைப் பார்ப்பது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய இலவசச் சேவை அது. தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

குணசீலத்துக்கோ ஏர்வாடிக்கோ போய்வர வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் ஆசைப்பட்டால் தாராளமாகப் போகட்டும். மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், அவ்வளவுதான். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கிற அரசுத் திட்டம் நடக்கிறது.

முதல் நாள் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். சர்க்கரை, பிரஷர், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஆஸ்துமா மருந்து, சித்த மருந்து, லேகியம், எதையும் விட வேண்டாம். வலிப்பு வந்ததுண்டா, இதயத்தில் கோளாறு உண்டா, கண்ணில் நீர் அழுத்தம் உண்டா, சிறுநீர் கழிக்கச் சிரமமா என்று கேட்டால் மறைக்காதீர்கள். முன்பு எப்போதாவது பல நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்துத் திரிந்த காலம் இருந்ததா என்பது மிக முக்கியம். இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த மருந்துகளைத் தனியாகக் கொடுத்தால் அந்த வேகம் திரும்பக்கூடும். கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள், பாலூட்டுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓசிடி மருந்துகளில் பராக்ஸிடின் போன்ற சிலவற்றைக் கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். பாலூட்டுபவர்களுக்குச் செர்ட்ராலினைப் பலரும் தேர்ந்தெடுப்பார்கள்.

பல மருத்துவர்கள் ஓசிடியின் கடுமையை 10 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலில் மதிப்பிடுவார்கள். 1989இல் வெளியான அதன் பெயர் யேல்-பிரவுன் அளவுகோல். மொத்தம் 40 மதிப்பெண். உங்கள் எண் என்ன என்று கேட்டுத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்று மூன்று மாதம் கழித்துப் பார்க்க அந்த எண் உதவும்.

சீட்டில் இருக்கும் மருந்துகள்

ஓசிடிக்கு முதலில் எழுதப்படுவது எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை. மூளையில் செரட்டோனின் என்ற பொருள் நரம்பு முனைகளால் திரும்ப உறிஞ்சப்படுவதை இவை தடுக்கின்றன. ஃப்ளூஆக்ஸிடின், ஃப்ளூவாக்ஸமின், செர்ட்ராலின், பராக்ஸிடின், எஸ்சிடலோப்ரம் ஆகியவை இந்த வகை. ஐந்தும் ஏறக்குறைய ஒரே அளவுதான் பலன் தரும். உங்கள் வயது, மற்ற நோய்கள், தூக்கம், பக்கவிளைவு இவற்றைப் பார்த்து மருத்துவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேட்க வேண்டும் என்பதில்லை.

இவற்றுக்கு மூத்தது குளோமிப்ரமின். அமெரிக்காவில் ஓசிடிக்கென்று முதன்முதலில், 1989இல், அனுமதி பெற்றது அதுதான். நல்ல பலன் உண்டு. ஆனால் வாய் உலர்தல், மலச்சிக்கல், மயக்கம் போன்ற தொல்லைகள் கூடுதல். அளவு கூடினால் வலிப்பும் இதயத் துடிப்பில் மாற்றமும் வரலாம். அதனால் இப்போது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வரிசையில்தான் வருகிறது. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள்.

கடைக்காரனாக ஒரு முக்கியமான விஷயம். இந்தப் பெயர்கள் ஒன்றுபோல ஒலிக்கும். ஃப்ளூஆக்ஸிடினும் ஃப்ளூவாக்ஸமினும் வேறு வேறு மருந்து. குளோமிப்ரமின் என்று எழுதிய சீட்டுக்குக் குழந்தைப்பேற்றுக்காகக் கொடுக்கும் குளோமிஃபென் கை மாறிப் போகிற ஆபத்து உலகம் முழுவதும் மருந்தாளுநர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிற ஒன்று. மருத்துவரிடமே பெயரைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, கடையில் அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் சீட்டோடு ஒரு முறை ஒத்துப் பாருங்கள். ஒரே முறை. அட்டையை வெட்டி வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற துண்டு உங்களிடம் இருக்கட்டும். மாத்திரையை அந்த முனையிலிருந்து பிதுக்காதீர்கள்.

கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். ஓசிடி உள்ளவருக்கு அது பெரிய கலக்கம். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால் போதும் என்று முன்பே தெரிந்திருந்தால் ராத்திரி முழுக்க யோசிக்க வேண்டியிருக்காது. ஃப்ளூஆக்ஸிடின் போன்றவை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கின்றன. வெளியில் வாங்குகிறவர்கள் மக்கள் மருந்தகத்திலும் விசாரிக்கலாம். விலை நன்றாகக் குறையும்.

நெட்டில் தேடினால் ‘மனச்சோர்வுக்கான மருந்து’ என்று வரும். எனக்கு மனச்சோர்வு இல்லையே என்று திகைக்க வேண்டாம். அதே மருந்துதான், ஆனால் ஓசிடிக்குத் தேவைப்படும் அளவு அதிகம், காத்திருக்க வேண்டிய காலமும் அதிகம். போதை மாத்திரையோ, அடிமையாக்கும் மாத்திரையோ இல்லை. அல்ப்ரசோலம், குளோனசிபாம் விஷயம் வேறு. பதற்றம் தணிய முதல் சில வாரங்களுக்கு மருத்துவர் அதையும் சேர்த்து எழுதலாம். அவை ஓசிடியைக் குணப்படுத்துவதில்லை, பழக்கமாகிவிடக்கூடியவை. மருத்துவர் சொன்ன காலத்தில், அவர் சொன்ன விதத்தில் அவற்றை நிறுத்த வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, தூக்கம் கெடுவது அல்லது அதிகமாக வருவது, வியர்வை, படபடப்பு. இவற்றில் ஒன்றிரண்டு முதல் சில நாட்களில் வரும். பெரும்பாலானவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். தூக்கத்தைக் கெடுக்கும் ஃப்ளூஆக்ஸிடினைக் காலையிலும், அசத்தும் ஃப்ளூவாக்ஸமினை இரவிலும் எழுதுவது வழக்கம். உங்களுக்கு அது தலைகீழாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

சிலருக்கு முதல் வாரங்களில் பதற்றம் கொஞ்சம் கூடும். 25 வயதுக்குக் கீழ் இருப்பவர்களிடம் வீட்டார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒருவித அமைதியின்மை, தூக்கமே இல்லாமை, சாகத் தோன்றுகிறது என்ற பேச்சு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள், இரவானால் 14416. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர்களுக்கும், 2007இல் 24 வயது வரை உள்ள இளைஞர்களுக்கும் இந்த எச்சரிக்கையை இந்த மருந்துகளின் மீது போடச் சொல்லியிருக்கிறது. இது அரிதாக நடப்பது. ஆனாலும் யாராவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஐயா, ஆச்சிமார் இந்த மருந்து சாப்பிட்டால் இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும். பேச்சு குழறுவது, திடீர்க் குழப்பம், தள்ளாட்டம், கீழே விழுவது ஆகியவை அதன் அறிகுறிகள். வயசாகிவிட்டது என்று விடாமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தினமும் போனில் பேசும் பிள்ளைகள் ‘சாப்பிட்டீங்களா’ என்பதோடு ‘மாத்திரை போட்ட பிறகு தலை சுத்துதா’ என்றும் கேட்கலாம்.

யாரும் வாய்திறந்து கேட்காத பக்கவிளைவு ஒன்று உண்டு: தாம்பத்திய ஆசை குறைவதும், உச்சம் எட்டத் தாமதமாவதும். இது இந்த மருந்துகளில் நிறையப் பேருக்கு வருவது, ஆணுக்கும் பெண்ணுக்கும். வெட்கப்பட்டு ரகசியமாக மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அதிகம். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு.

12 வாரக் கணக்கு

தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர் மருமகளுக்காக மாத்திரை வாங்க வந்தார். “ரெண்டு வாரமா முழுங்குறா தம்பி, இன்னும் குழாயடியிலேயேதான் நிக்கிறா. வேற மாத்திரை எழுதித் தரச் சொல்லவா?” என்று கேட்டார். “ஆவணி இப்பத்தான் பொறந்திருக்கு, ஐப்பசி முடியட்டும் ஆச்சி. டாக்டர் அளவைக் கூட்டணும்னா கூட்டுவாரு. அதுக்கு முன்னாடி மாத்த வேணாம்” என்றேன். எல்லோருக்கும் சொல்வதும் அதுதான்.

மாத்திரை செரட்டோனினை முதல் நாளே தொட்டுவிடும். மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகிறது. நான்காவது, ஆறாவது வாரத்தில் லேசான மாற்றம் தெரியத் தொடங்கலாம். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் வரை பிடிக்கும். அதுவும் போதுமான அளவுக்கு வந்த பிறகு. தொடக்கத்தில் சிறிய அளவில் கொடுத்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள். ஃப்ளூஆக்ஸிடின் 20 மில்லிகிராமில் தொடங்கி 60, சிலருக்கு 80 வரை போகும். செர்ட்ராலின் 50இல் தொடங்கி 200 வரை. ஃப்ளூவாக்ஸமின் 50இல் தொடங்கி 300 வரை. அளவு ஏறுவதைப் பார்த்து ‘நோய் முத்திவிட்டது போல’ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். ஓசிடிக்கு இந்த அளவு தேவைப்படுவது சாதாரணம். நீங்களாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

முன்னேற்றம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலையில் எழுந்தவுடன் நோய் போயிருக்காது. எண்ணம் வரும், ஆனால் முன்பு போலப் பிடித்து உலுக்காது. குளியல் இரண்டு மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரமாகும். கதவை ஐந்து முறை பார்த்தவர் இரண்டோடு திரும்பி, கொஞ்ச நேரம் தவித்து, பிறகு மறந்துபோவார். அளவுகோலில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே மருந்து கேட்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதல் மருந்திலேயே இப்படி மாற்றம் காண்பவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். மற்றவர்களுக்கு இரண்டாவது மருந்து இருக்கிறது.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டையாகப் போட வேண்டாம். போட்டோமா இல்லையா என்ற சந்தேகமே ஓசிடிக்காரரைப் பாடாய்ப் படுத்தும் என்பதால் கிழமை போட்ட மாத்திரை டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாளின் அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. மாத்திரையையே தீட்டாக நினைத்து அட்டையைக் கழுவி, துடைத்து, காயவைத்துப் பிதுக்குகிறவர்களும் உண்டு. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அதுவும் நோயின் ஒரு பகுதி.

இவற்றோடு சேர்க்காதீர்கள்

கடையில் நானே தினமும் பார்ப்பது வலி மாத்திரை. இந்த மருந்துகளோடு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். டிரமடால் என்ற வலி மருந்தும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் சிரப்பும் செரட்டோனினை அளவுக்கு மீறி ஏற்றிவிடக்கூடும். நடுக்கம், கடும் வியர்வை, காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்தக் கடையில் எந்த மருந்து வாங்கினாலும் ‘நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று முதலில் சொல்லுங்கள். பல் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

ஃப்ளூவாக்ஸமின் சாப்பிடுகிறவர்கள் காபியைக் குறைக்க வேண்டும். காபியில் இருக்கும் காஃபின் உடலை விட்டு வெளியேறுவதை அந்த மருந்து மிகவும் தாமதப்படுத்துகிறது. காலை ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலை ஒன்று என்று டிகாஷன் காபி குடிக்கும் நம் ஊர்க்காரர்கள் தூக்கம் வராமல் படபடத்து, மருந்தின் மேல் பழி போடுவார்கள். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலினையும் அது இரத்தத்தில் ஏற்றிவிடும். மது எந்த மருந்தோடும் வேண்டாம்.

வீட்டார் செய்ய வேண்டியது

‘கை சுத்தமா இருக்கா’, ‘கதவு பூட்டியிருக்கா’ என்று திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் ‘இருக்கு’ என்று சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்தப் பதில்தான் சுழற்சிக்குத் தீனி. ஒரு முறை சொல்லுங்கள். அடுத்த முறை, ‘இதுக்குப் பதில் சொல்லிட்டேன், இப்ப உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, பக்கத்துல இருக்கேன்’ என்று சொல்லிப் பாருங்கள். திடீரென்று ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் தாங்க மாட்டார்கள். எதை முதலில் விடுவது என்று அவரோடும் மருத்துவரோடும் பேசி முடிவெடுங்கள்.

மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டிய உளவியல் பயிற்சி ஒன்று உண்டு. பயப்படும் பொருளை அல்லது சூழலைப் படிப்படியாக எதிர்கொண்டு, அதன் பிறகு கழுவாமல், சரிபார்க்காமல் இருந்து பழகுவது. ஓசிடிக்கு மருந்துக்கு இணையான பலன் தருகிற சிகிச்சை இது. மாத்திரை பதற்றத்தைத் தணித்த பிறகு இதைத் தொடங்குவது பலருக்கு எளிதாக இருக்கிறது. அருகில் பயிற்சி பெற்ற உளவியலாளர் இல்லாவிட்டால் காணொளி வழியாகவும் செய்யலாம்; மருத்துவரிடம் கேளுங்கள்.

கல்யாணம் பேசுகிற வீடுகளுக்குத் தனியாக ஒன்று. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று நிச்சயம் முடிந்ததும் பெண்ணின் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். புது வீடு, புது ஆட்கள், அதோடு மருந்தும் இல்லை என்றால் நோய் திரும்ப அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும். மாத்திரையை மட்டும் யாரும் பிடுங்க வேண்டாம்.

கேட்கவில்லை என்றால்

சரியான அளவில் 12 வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் மாற்றம் இல்லையென்றால், அதே வகையில் வேறொரு மருந்துக்கோ குளோமிப்ரமினுக்கோ மாற்றுவார்கள். கொஞ்சம் மட்டும் கேட்டிருந்தால் ரிஸ்பெரிடோன் அல்லது அரிபிப்ரசோலைச் சிறு அளவில் கூடச் சேர்ப்பது உண்டு. அவை ‘பைத்தியத்துக்கு’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சிறு அளவில் அவை ஓசிடி மருந்துக்குத் துணையாக வேலை செய்கின்றன. பல மருந்துகள் பார்த்தும் அசையாத நோய்க்குப் பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை சாப்பிட்ட மருந்து, அளவு, எத்தனை வாரம் என்ற பட்டியலை எடுத்துப் போனால் அங்கே நேரம் மிச்சமாகும்.

எப்போது நிறுத்துவது

நன்றான பிறகும் குறைந்தது ஒன்றிலிருந்து இரண்டு வருடம் தொடர வேண்டும். அதன் பிறகும் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை பத்திலிருந்து இருபத்தைந்து சதவீதம் என்று மெல்லக் குறைப்பார்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு வரும்; பராக்ஸிடினில் இது அதிகம், உடலில் நீண்ட நாள் தங்கும் ஃப்ளூஆக்ஸிடினில் குறைவு. வெளிநாடு கிளம்புகிறவர்கள் கையிருப்பு தீர்ந்து இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். போதுமான மாத்திரை, மருந்தின் உண்மைப் பெயர் எழுதிய மருத்துவர் கடிதம், இரண்டையும் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்ப வேண்டாம்.

குறைக்கும்போது பழைய சடங்குகள் எட்டிப்பார்த்தால் அடுத்த படிக்குப் போகாமல் மருத்துவரைப் பாருங்கள். முந்தைய அளவுக்குத் திரும்பச் சொல்வார். நிறுத்தி நிறுத்தி மூன்று நான்கு முறை நோய் திரும்பியவர்களைப் பல வருடங்கள் தொடரச் சொல்வதுண்டு. அப்படிச் சாப்பிடுகிறவர்கள் எடையையும் இரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். ரிஸ்பெரிடோன் போன்றது சேர்ந்திருந்தால் சர்க்கரையும் கொழுப்பும், வயதானவர்களுக்குச் சோடியமும், குளோமிப்ரமின் என்றால் ஈசிஜியும் எப்போது எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுச் சீட்டின் பின்னால் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.